தொட்டி நிறைய

முதல் ஐந்து மூட்டையைத் தராசில் ஏற்றிவிட்டு நிமிரும்போதே சென்னியப்பனுக்கு இடுப்பில் சுரீரென்று பிடித்தது, ஐம்பத்தாறு வயதில் மூட்டை தூக்கவா பட்டறை வைத்தோம், ஆனால் ஆள் விட்டு எடை போட்டால் அடுத்த நிமிஷமே சிகாமணி காதுக்குப் போய்விடும், பட்டறையில் இருக்கிற பதினாலு பேரும் அவன் பக்கம், சனிக்கிழமை சாயந்திரம் சம்பளக் கவரைக் கையில் கொடுக்கிறவன் பக்கம்தானே ஜனம் நிற்கும். அதனால்தான் குடோன் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு தானே இறங்கிவிட்டார். நூற்று இரண்டு கிலோ நானூறு. பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். சிகாமணி அவருடைய மனைவியின் தம்பி, பத்தொன்பது வருஷமாகப் பட்டறையின் வரவு செலவு, சரக்கு, ஆள் எல்லாம் அவன் கையில். காலையில் ஒன்பது மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனான், எக்ஸ்போர்ட் கம்பெனியில் பாக்கியைக் கேட்டுவிட்டு அப்படியே பேங்குக்கும் போய்விட்டு ஒரு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றான், சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை, ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னான், நேர்மையான ஆள் எதற்காக அப்போது பார்த்து ஹெல்மெட்டைத் துடைக்கிறான்? ஒரு மணிக்குள் நூற்றைம்பது மூட்டையையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் நாடாத் தறிகள் சடசடவென்று ஓடிக்கொண்டிருந்தன. இன்றைக்குச் சனிக்கிழமை, ஆறு மணிக்கு அவை நிற்கும், பதினாலு பேரும் கைகால் கழுவிக்கொண்டு வந்து நிற்பார்கள், சம்பளத்துக்கு எண்பத்து நாலாயிரம் வேண்டும், பேங்கில் இருப்பது பதினோராயிரத்துச் சொச்சம்.

நேற்று ஆடிட்டர் ஆபீசில் நடந்ததை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. ஏசி ரூமில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பச்சை அட்டை போட்ட கணக்கை நீட்டி, "இந்த வருஷம் நல்லாப் பண்ணியிருக்கீங்க, லாபம் ஒம்போது லட்சத்து நாப்பதாயிரம் வருதுங்க" என்று ஆடிட்டர் சொன்னபோது அவருக்கு ஒரு நிமிஷம் உள்ளே குளிர்ந்துதான் போனது. பனியன் கம்பெனிகளுக்கு இடுப்பு நாடா ஓட்டிக் கொடுக்கிற ஆறு தறிப் பட்டறையில் ஒன்பது நாற்பது என்றால் சும்மாவா, வெளியே படியிறங்கும்போதே தங்கச்சி வீட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுகூட மனசு ஓடியது. அப்புறம்தான் உறைத்தது. "சரிங்க, அந்தப் பணம் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். "தொழில்லதாங்க இருக்குது" என்றார் ஆடிட்டர். "தொழில்ல எங்கீங்க? பேங்க்ல பதினோராயிரந்தாங்க இருக்குது." ஆடிட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "லாபம் வேற, கையில இருக்கற காசு வேறீங்க. ரெண்டு லட்சம் போல கம்பெனிக்காரங்க தரோணும், ஒரு லட்சம் வரி கட்டியிருக்கீங்க, மிச்சமெல்லாம் சரக்கா நிக்குது. அடக்க விலை போட்டுத்தான் சரக்கைக் கணக்குல ஏத்தியிருக்கோம், அதனால லாபம் வருது. சரக்கு வித்தாத்தான் காசுங்க" என்று குழந்தைக்குச் சொல்வதைப்போலச் சொன்னார். சரக்காக நிற்கிறதாம். யார் பார்த்தது? சிகாமணி எழுதிக்கொடுத்த ரிஜிஸ்டரைப் பார்த்துத்தானே நீ கணக்குப் போட்டாய், மூவாயிரத்து நூறு கிலோ என்று அவன் எழுதினால் மூவாயிரத்து நூறு, முப்பதாயிரம் என்று எழுதியிருந்தால் இன்னும் ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பாய். இந்த ஆடிட்டரைக் கூட்டிவந்தது யார்? சிகாமணிதான். பழைய ஆடிட்டர் காசு ஜாஸ்தி வாங்குகிறார் மச்சான் என்று சொல்லி நாலு வருஷம் முன்னால் மாற்றினான். நூற்று மூன்று கிலோ அறுநூறு. இரண்டு பேரும் கூட்டு என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

மூட்டைகளைத் தள்ளும்போது பஞ்சுத் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார், வெளியே யாருக்காவது கேட்டிருக்குமோ என்று. சொந்தக் குடோனில் திருடன் மாதிரி தும்மலை அடக்குகிற நிலைமை வந்துவிட்டதே என்று ஆத்திரம் பொங்கியது, இதற்கும் சேர்த்து அவன் பதில் சொல்ல வேண்டும். மதில் சுவர். அதை எப்படி மறப்பது? போன தை மாசம் அவன் வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மதில் எடுத்தான், கிரில் கேட் போட்டான், "எவ்வளவு மாப்ள ஆச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டதற்கு "ஆச்சுங்க மச்சான், இருந்ததைப் பொரட்டிப் போட்டேன்" என்று பிடி கொடுக்காமல் சொன்னான். இருந்ததை என்றால் எங்கே இருந்ததை? அவனுக்குப் பட்டறையில் கொடுக்கிற சம்பளம் இவருக்குத் தெரியாதா? அப்புறம் அந்த ஸ்டாக் லாட் யாவாரி. ஆடி மாசத்திலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டான், நல்லதம்பி என்று ஒருத்தர் இருக்கிறார், மிச்சம் கிடக்கிற கலர் நாடாவையெல்லாம் கிலோ தொண்ணூறு ரூபாய்க்கு மொத்தமாக எடுத்துக்கொள்கிறார், ரொக்கம், தள்ளிவிடலாம் மச்சான் என்று. கிலோவுக்கு நானூறு ரூபாய் அடக்கம் விழுந்த சரக்கைத் தொண்ணூறுக்கு! அடக்கத்துக்குக் கீழே விற்றால் அதற்குப் பெயர் யாவாரமா, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போகிற வேலை, என் பட்டறையிலிருந்து ஒரு முழம் நாடாகூட அடக்கத்துக்குக் கீழே போகாது என்று கத்தி அனுப்பினார். கத்திவிட்டு வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் மூக்கு வேர்த்தது, இவன் எதற்கு இப்படித் துடிக்கிறான், கிலோவுக்கு இவனுக்கு எவ்வளவு? அன்றைக்கு ஆரம்பித்த அரிப்பு. வியாழக்கிழமை நேராகப் பேங்குக்குப் போய், செக்கில் சிகாமணியும் கையெழுத்துப் போடலாம் என்று இருந்ததை ரத்து பண்ணச் சொல்லி லெட்டர் கொடுத்துவிட்டு வந்தார். மனைவி வசந்தாமணியிடம் சொல்லவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது, உன் கூடப்பிறந்தவன் சுருட்டுகிறான் என்று? சொன்னால், "ஏனுங்க, அவன் இல்லீன்னா நீங்க பட்டறைக்கு வெளக்கமாறுகூட வாங்கமாட்டீங்க" என்பாள். அதையும் பார்க்கத்தான் போகிறோம். ஒரு நூறு கிலோ குறைந்தால் போதும். அவனை வெளியே அனுப்பிவிட்டு, அந்த மதில் சுவரைக் காட்டிப் பேசலாம்.

பத்தாவது தடவை தராசு ஏறியபோது ஆயிரத்து முப்பத்தைந்து வந்திருந்தது. ரிஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே ஐம்பது மூட்டைக்கு ரிஜிஸ்டரில் ஆயிரத்து முப்பத்திரண்டு. மூன்று கிலோ அதிகம். அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சரி, முன்னால் இருக்கிற மூட்டையைச் சரியாகத்தான் வைத்திருப்பான், பார்வைக்கு வைக்கிறவன் முன்வரிசையிலா கை வைப்பான், பின்னால் சுவரோரம் கிடக்கிறதில்தான் ஆட்டையைப் போட்டிருப்பான். ஆர்வமாகப் பின்வரிசைக்குப் போனார், கிட்டத்தட்ட சந்தோஷமாக இருந்தது. மூட்டை வாயைப் பிரித்தார். உள்ளே கல்லையோ கிழிந்த துணியையோ எதிர்பார்த்தார், கிளிப்பச்சை நாடா பளிச்சென்று கண்ணில் அடித்தது. அடுத்த மூட்டை கத்தரிப்பூக் கலர். அடுத்தது பச்சை, ஆனால் முந்தின பச்சை இல்லை, அதைவிட ஒரு பொட்டு மங்கல். ஒவ்வொரு மூட்டைக் கழுத்திலும் சிகாமணியின் குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு அட்டை தொங்கியது, தேதி, கம்பெனி பெயர், கலர், அதன் கீழே: ஆர்டர் 28 கிலோ, தொட்டி நிரப்ப 22 கிலோ, மீதி 22. அடுத்த அட்டை: ஆர்டர் 31, தொட்டி நிரப்ப 19, மீதி 19. கழுத்தில் அட்டை தொங்கவிடச் சொன்னது யார் இவனை? இவ்வளவு சுத்தமாகக் கணக்கு வைக்கிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தொட்டி நிரப்பவாம். யார் நிரப்பச் சொன்னது?

யார் சொன்னது என்று கேட்ட மனசு அங்கேயே தட்டி நின்றது. சாயப்பட்டறையில் ஒரு தொட்டிக்கு ஐம்பது கிலோ. இருபது கிலோ போட்டாலும் ஐம்பது கிலோ போட்டாலும் தொட்டிக்கு ஒரே கூலி, தண்ணீர் சூடு பண்ணுகிற செலவு ஒன்றுதானே என்பார்கள் சாயக்காரர்கள். ஒரு தடவை சிகாமணி சாயப்பட்டறையிலிருந்து போன் பண்ணினான், "மச்சான், ஆர்டர் இருபத்தெட்டு கிலோதானுங்க, அவ்வளவு மட்டும் போட்டறட்டுங்களா?" அப்போது இவர் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அளவில்லாச் சாப்பாடு, கொடுத்த காசுக்கு மூன்றாவது தடவை ரசம் வாங்கிக்கொண்டிருந்தார், வயிறு வேண்டாம் என்றது, காசு கொடுத்தாயிற்றே. இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, "ஏன் மாப்ள, அம்பது கிலோவுக்குக் கூலி குடுத்துட்டு இருபத்தெட்டு மட்டும் போடறதா, கூலி தண்டமாப் போகுதல்லோ, வெள்ளை நாடா கெடக்குதல்லோ, தொட்டி நெறையப் போட்டுடு, என்னைக்கு இருந்தாலும் ஆகும்" என்றார். அவன், "அந்தக் கலரு மறுபடி யாரும் கேக்க மாட்டாங்களேங்க" என்றான். "நீ போடு" என்றார். ஒரு தடவையா? ஒவ்வொரு தடவையும். பிறகு அவன் கேட்பதையே விட்டுவிட்டான், நிரப்பிவிட்டுப் போய்விட்டான், அட்டை மட்டும் எழுதித் தொங்கவிட்டான். குடிக்கலாம் என்றால் குடத்துத் தண்ணீர் வெளியே இருந்தது, கதவைத் திறக்கப் பயமாக இருந்தது. வெள்ளை நாடா வெள்ளையாகவே கிடந்தால் என்ன, போன் போட்டால் சாயந்திரத்துக்குள் ஆள் வந்து ரொக்கம் கொடுத்து எடுத்துப் போகும், வெள்ளை எல்லோருக்கும் ஆகும், எந்தக் கலரிலும் முக்கலாம். அந்த வெள்ளையை எடுத்து, கூலி மிச்சம் பிடிக்கிறேன் என்று, ஒரே ஒரு கம்பெனியின் ஒரே ஒரு டிராக் பேண்டுக்கு மட்டும் பொருந்துகிற பச்சையில் முக்கினால்? அடுத்த கம்பெனிக்காரன் ஒரு பொட்டு மாறினாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவான். வாரத்துக்கு ஒன்றரைத் தொட்டி, தொட்டிக்கு இருபது கிலோ, கிலோ நானூறு. கணக்குப் போட வேண்டாம் என்று நினைத்தார், விரல் தானாகப் போட்டது. வருஷத்துக்கு ஆறு லட்சத்துச் சொச்சம். ஆடிட்டர் சொன்ன மிச்சம்.

இல்லை, இருக்காது, இவ்வளவு லேசாக இருக்காது. இன்னும் நாற்பது மூட்டை இருக்கிறது, அதில் இருக்கும், கட்டாயம் அதில் ஏதாவது குறையும். அவர் இப்போது அவசர அவசரமாக இழுத்துப் போட்டார், பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது, நூற்று நான்கு, நூற்று மூன்று இருநூறு, எண்கள் அடம்பிடித்துக்கொண்டு சரியாக வந்தன. திருடன் ஒருத்தன் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், அவனைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு நிம்மதியாகச் சோறு தின்னலாம், ஊரும் அடப்பாவமே என்று சென்னியப்பன் பக்கம் பேசும். திருடனே இல்லை என்றால்? பத்தொன்பது வருஷம் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த காசுக்கு முழுசாக வாங்கினேன் என்று மார் தட்டியவர், தன் பணத்தைத் தானே சாக்கில் கட்டிச் சுவரோரம் அடுக்கினவர் ஆகிவிடுவார். அந்தச் சாக்குக்கு வரி வேறு, பச்சை நாடாவுக்கு லாபம் என்று பெயர் வைத்து ஒரு லட்சம் ரொக்கமாகக் கட்டியிருக்கிறார், இதைவிட வெட்கக்கேடு உண்டா? சாக்கைக் கொண்டுபோய் ஆறு மணிக்கு வரிசையில் நிற்கிறவர்களிடம் கொடுக்க முடியுமா, இந்தா அம்மிணி, உனக்கு ஆறாயிரத்துக்குக் கத்தரிப்பூக் கலர் நாடா? கடைசி ஐந்து மூட்டையை ஏற்றினார். கூட்டினார். மறுபடி கூட்டினார். மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. ரிஜிஸ்டரில் மூவாயிரத்து நூறு. ஒரு கிலோகூடக் குறையவில்லை. அவர் கடைசி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கதவைத் தட்டிய சத்தம் கேட்டது. "மச்சான், உள்ள இருக்கீங்களா?" தாழைத் திறந்தார். சிகாமணி வாசலிலேயே நின்றான், தராசைப் பார்த்தான், இடம் மாறிக் கிடந்த மூட்டைகளைப் பார்த்தான், காலண்டர் அட்டையைப் பார்த்தான், பனியனோடு நிற்கிற மச்சானைப் பார்த்தான். அவனுக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "எவ்வளவு வந்துச்சுங்க?" என்று மட்டும் கேட்டான். "மூவாயிரத்து நூத்திப் பன்னெண்டு." "பன்னெண்டு சேத்தி வருதுங்களா? மழைக்காலமல்லோங்க, ஈரம் ஏறியிருக்கும்." குரலில் கோபமே இல்லை, அதுதான் சென்னியப்பனுக்குத் தாங்கவில்லை, கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். "கம்பெனியில திங்கக்கெழம பாக்கலாம்னுட்டாங்க. பேங்குக்குப் போனேன், என் கையெழுத்து இனிமேல் செல்லாதுன்னாங்க" என்றான், ஏதோ தபால் வரவில்லை என்பதைப்போல. பிறகு இரண்டு அடி உள்ளே வந்தான். "சரிங்க, அது கெடக்கட்டும். ஆறு மணிக்குச் சம்பளம் போட்டாகோணும். நல்லதம்பி இன்னைக்கும் கேட்டாருங்க. தொண்ணூறுன்னா ரெண்டு லட்சத்து எழுவத்தொம்பதாயிரம் வருது, நாலு மணிக்கு வண்டியும் பணமும் அனுப்பறேங்கறாரு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வித்துக் குடுத்து, சம்பளத்தையும் போட்டுட்டு, நான் நின்னுக்கறனுங்க."

நின்றுகொள்கிறானாம். வேண்டாம் மாப்ள என்று சொல்ல வாய் வந்தது, நிஜமாகவே வந்தது, தப்புப் பண்ணிவிட்டேன், நீ போய்விட்டால் உன் அக்கா முகத்தில் நான் முழிக்க முடியாது என்று சொல்வதற்கு வார்த்தைகூடக் கூடி வந்தது. அதற்குள் பாழாய்ப்போன மனசு குறுக்கே புகுந்து கூட்டல் போட்டது, தொண்ணூறுக்குக் கொடுத்தால் பன்னிரண்டரை லட்சம் அடக்கத்தில் ஒன்பதே முக்கால் லட்சம் காலி, அந்த ஒன்பது நாற்பது அப்படியே போய் அதற்கு மேலும் கையைக் கடிக்கும், தங்கச்சியிடம் சொல்லாமல் விட்டதே நல்லதாகப் போயிற்று, ஆனால் கையில் ரொக்கம் வரும், பதினாலு பேரும் கவரோடு வீட்டுக்குப் போவார்கள், லாபமும் வேண்டும் காசும் வேண்டும் என்றால் ஆகாது, இரண்டில் ஒன்று. சரி என்றுதான் சொல்லப்போனார். சாமி சத்தியமாகச் சரி என்றுதான். ஆனால் வாயிலிருந்து விழுந்தது, "தொண்ணூறுதானா மாப்ள, இல்ல, உனக்குன்னு தனியா எதாச்சும்...?" சொன்ன பிறகு தன் காதால் அதைக் கேட்டார். சிகாமணி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, காலண்டர் அட்டையில் கூட்டலுக்குக் கீழே ஒரு போன் நம்பரை எழுதினான். பட்டறைச் சாவிக்கொத்தைத் தராசின் மேல் வைத்தான், தராசு முள் கொஞ்சம் அசைந்தது. "நீங்களே பேசிக்குங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போகட்டும், எங்கே போய்விடுவான், சாயந்திரம் அக்காவைப் பார்க்க வருவான், அப்போது பேசிக்கொள்ளலாம். மணி இரண்டாகிறது, முதலில் காசு. நம்பரைப் போட்டார். "நல்லதம்பிங்களா? நாடாப் பட்டறை சென்னியப்பன் பேசறனுங்க, மூவாயிரத்து நூறு கிலோ ரெடியா இருக்குது, வண்டியோட பணத்தை அனுப்பிவிட்டீங்கன்னா..." "எந்தச் சென்னியப்பனுங்க?" "முதலாளிங்க. சிகாமணியோட மச்சான்." "ஓ. வணக்கமுங்க. தப்பா நெனைக்காதீங்க, நான் பாக்காத சரக்குக்கு ரொக்கம் அனுப்பறவன் இல்லீங்க. சிகாமணி அண்ணன் சொன்னா எடைகூடப் போட்டுப் பாக்க மாட்டேன், பணத்தை மொதல்ல குடுத்தனுப்புவேன். பத்து வருஷமா அவரு வார்த்தை தப்புனதில்லை. அவரு பக்கத்துல இருக்காருங்களா? ஒரு வார்த்தை அவரு சொல்லட்டும்." "இருக்காரு, இருக்காரு, ஒரு நிமிஷம்" என்று போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சென்னியப்பன் வெளியே ஓடினார், செருப்புகூடப் போடவில்லை. வாசலில் வண்டி இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார், ஒரு தண்ணீர் லாரி மட்டும் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து தறிகள் ஒவ்வொன்றாக மறுபடி ஓட ஆரம்பித்தன, பதினாலு பேரும் குனிந்து அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு தறிக்கு நடுவில், சத்தம் அதிகமாக இருக்கிற இடமாகப் பார்த்து, எந்தக் குரல் யாருடையது என்று தெரியாத அந்த இடத்தில் போய் நின்றுகொண்டு, போனைக் காதில் வைத்தார்.

"சொல்லுங்க நல்லதம்பி" என்றார். "சிகாமணி பேசறேன்."